ஒரே செட், ஒரு மாசம், ஒரே ஒரு டாக்டர்: 'நெஞ்சில் ஓர் ஆலயம்' பார்த்த டூட்டி டாக்டரின் குறிப்புகள்

1/
தமிழ்ல காதல் படம்னு பேச ஆரம்பிச்சா ஆளுக்கு ஒரு பேர் சொல்வாங்க. நான் சொல்றது 1962ல வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கிட்டத்தட்ட முழுப் படமும் ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். ஹீரோ டாக்டர். ஹீரோயின் பேஷண்ட்டோட மனைவி. மூணாவது ஆள் அந்த பேஷண்ட். படம் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'.

நான் அரசு மருத்துவமனையில் வேலை பாக்குற எம்.பி.பி.எஸ் டாக்டர். சினிமா விமர்சகன் கிடையாது. ஆனா ஆஸ்பத்திரியை வச்சு எடுத்த படத்தைப் பத்திப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்குல்ல? கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
படம் பார்க்காதவங்களுக்காகக் கதைச் சுருக்கம்.

டாக்டர் முரளியும் சீதாவும் ஒரு காலத்துல காதலிச்சவங்க. சேர முடியல. சீதாவுக்கு வேணுவோட கல்யாணம் ஆயிடுது. வேணுவுக்குப் புற்றுநோய். வைத்தியத்துக்கு வந்து சேரும் ஆஸ்பத்திரியில் டாக்டர் யாருன்னு பார்த்தா, முரளி.

கட்டில்ல கணவன். பக்கத்துல மனைவி. கையில் கேஸ் ஷீட்டோட பழைய காதலன். மொத்தப் படமும் இதுதான்.

3/
இப்ப இதை எழுதி இயக்கியவரைப் பத்தி. ஸ்ரீதர். 1933ல பிறந்தவர். அதாவது இந்தப் படம் வரும்போது அவருக்கு முப்பது வயசுகூட ஆகல! அதுக்கு முன்னாடியே 1959ல 'கல்யாண பரிசு' கொடுத்துட்டார். 1961ல சொந்த கம்பெனியான சித்ராலயாவுக்காக 'தேனிலவு' எடுத்தார். அதுக்காக காஷ்மீர் வரைக்கும் யூனிட்டைக் கூட்டிட்டுப் போய், ஏரி, படகு, பனின்னு காட்டினார்.

அடுத்த வருஷமே அதே கம்பெனிக்கு அவர் எடுத்தது, ஆஸ்பத்திரி ரூமை விட்டுப் பெரும்பாலும் வெளியவே போகாத ஒரு படம். காஷ்மீரைக் காட்டின கையோட நாலு சுவரைக் காட்ட ஒரு தைரியம் வேணும்.

4/
அந்த ஆஸ்பத்திரி நிஜ ஆஸ்பத்திரி இல்ல. கலை இயக்குநர் கங்கா ஸ்டுடியோவுக்குள்ள போட்ட செட். ரூம், வராண்டா எல்லாமே அதுக்குள்ளதான்.

அந்த ஒரே செட்டுல, ஒரு மாசத்துக்கும் குறைவான நாள்ல ஷூட்டிங்கை முடிச்சிட்டாங்க. ஒரு பாட்டுக்கே பல நாள் செலவழிக்கிற தொழில்ல மொத்தப் படமும் ஒரு மாசம்!

என் பார்வையில இந்தப் படத்தோட பலம் இந்தக் கட்டுப்பாடுதான். ஆஸ்பத்திரிக்கு அட்டெண்டரா போய் ஒரு வாரம் தங்கினவங்களுக்குத் தெரியும். மூணாவது நாள்ல இருந்து உலகமே அந்த வார்டு அளவுக்குச் சுருங்கிடும். எத்தனை ஜன்னல், எந்த ஃபேன் சத்தம் போடுது, எந்த நர்ஸ் எப்ப வருவாங்கன்னு எல்லாம் மனப்பாடம் ஆயிடும். படம் பார்க்கிற நம்மளையும் அப்படி உள்ள உக்கார வச்சுட்டார் ஸ்ரீதர்.

5/
நாலு சுவருக்குள்ள எடுத்த படம் போரடிக்காம இருக்கக் காரணம் கேமராமேன் ஏ.வின்சென்ட். பின்னால மலையாளத்துல 'பார்கவி நிலையம்' இயக்கினவர் இவர்தான்.

பி.சுசீலா பாடிய ஒரு பாட்டு. சிதார் ஒலிக்கும். கணவன் படுத்திருக்கிறார், மனைவி மனசு உடைஞ்சு பாடுறாங்க. வெட்டவெளியா இருந்தா கேமராவை எங்க வேணா வைக்கலாம். இங்க ரூம்ல பாதி இடத்தைக் கட்டிலே அடைச்சுக்குது. வின்சென்ட் அந்தக் கட்டிலுக்கு அடியிலயே கேமராவை நகர்த்திட்டுப் போயிட்டார். இன்னைக்கு வரைக்கும் ஒளிப்பதிவு பேசுறவங்க விடாம சொல்ற ஷாட் அது.

இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. 'மெல்லிசை மன்னர்கள்'ங்கிற பட்டம் அவங்களுக்கு 1963லதான் வருது. இது அதுக்கு முந்தின வருஷம். பாட்டெல்லாம் கண்ணதாசன். பழைய காதலியை மனசார வாழ்த்தி டாக்டர் பாடுற பாட்டைப் பாடினவர் ஏ.எல்.ராகவன். அவர் எத்தனையோ பாட்டு பாடியிருக்கார். ஆனா அவர் பேரைச் சொன்னாலே நிறைய பேருக்கு முதல்ல ஞாபகம் வர்றது இந்த ஒண்ணுதான்.

6/
நடிகர்கள் தேர்வும் சுவாரசியம். அப்ப பெரிய ஹீரோக்கள்னா சிவாஜி, எம்.ஜி.ஆர், ஜெமினி. மூணு பேருமே இதுல இல்ல.

டாக்டரா வந்தவர் கல்யாண்குமார். கன்னடத்துல ராஜ்குமார், உதயகுமார், கல்யாண்குமார்னு மூணு குமார்களைச் சேர்த்துச் சொல்வாங்க. அந்த மூணாவது குமார்தான் இவர்.

வேணுவா நடிச்சவர் முத்துராமன், நடிகர் கார்த்திக்கோட அப்பா. சீதாவா நடிச்சவர் தேவிகா, 'கரகாட்டக்காரன்' கனகாவோட அம்மா. சிரிக்க வைக்க நாகேஷும் மனோரமாவும். நாகேஷ் அப்ப வளர்ந்து வர்ற நடிகர்.

இவங்களோட ஒரு சின்னக் குழந்தை. அதே ஆஸ்பத்திரியில நோயாளியா இருக்கிற குழந்தையா குட்டி பத்மினி. பின்னாடி 'குழந்தையும் தெய்வமும்' படத்துல ரெட்டை வேஷம் போட்ட அதே குழந்தைதான்.

படத்துக்கு தேசிய விருது கிடைச்சது. அடுத்த வருஷமே ஸ்ரீதரே இந்தியில 'தில் ஏக் மந்திர்'னு எடுத்தார். ராஜேந்திர குமார், மீனாகுமாரி, ராஜ்குமார் நடிச்சாங்க. இந்த ராஜ்குமார் இந்தி நடிகர், கன்னட ராஜ்குமார் வேற. குட்டி பத்மினி அங்கயும் உண்டு.

7/
சரி, சினிமா செய்தி போதும். இப்ப டாக்டரா பேசுறேன்.

1962ல ஒரு தமிழ்க் குடும்பத்துல 'புற்றுநோய்'ங்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? முடிவுன்னுதான் அர்த்தம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரோட பல வருஷ முயற்சியில் சென்னை அடையாறுல புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினது 1954ல. ஆரம்பிச்சது வெறும் 12 படுக்கையோட. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தாங்க.

அப்ப சி.டி ஸ்கேன் கிடையாது, எம்.ஆர்.ஐ கிடையாது. எக்ஸ்ரே, டாக்டரோட கை, மைக்ராஸ்கோப் அவ்வளவுதான். கட்டி எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு பல நேரம் வயித்தையோ நெஞ்சையோ திறந்து பார்த்தாதான் தெரியும்.

அந்தக் காலத்துல 'ஆபரேஷன் பண்ணா பொழைக்க வாய்ப்பு இருக்கு'ன்னு ஒரு வெகுஜனப் படம் சொன்னது சின்ன விஷயம் இல்ல.

8/
இப்ப படத்தோட முடிவைச் சொல்லப் போறேன். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, இனிமே ஸ்பாய்லர்னு சண்டைக்கு வராதீங்க.

வேணு பொழைச்சிடுறார். ஆபரேஷனுக்காக ராப்பகலா உழைச்ச டாக்டர் முரளி செத்துப் போயிடுறார்.

'நோயாளி பொழைச்சு டாக்டர் சாகுறதாவது, சினிமாத்தனம்'னு தோணும். இதுக்கு கிட்டத்தட்ட நிஜமாவே நடந்த ஒரு கதை சொல்றேன்.

9/
1933. ஸ்ரீதர் பிறந்த அதே வருஷம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம். எவர்ட்ஸ் கிரஹாம்னு ஒரு சர்ஜன். அவர்கிட்ட வந்த நோயாளி ஜேம்ஸ் கில்மோர், அவரும் ஒரு டாக்டர், பிரசவம் பார்க்கிறவர். இடது நுரையீரல்ல புற்றுநோய்.

ஆபரேஷனுக்கு முன்னாடி கில்மோர் ஊருக்குப் போய் ரெண்டு வேலை பார்த்துட்டு வந்ததா சொல்வாங்க. ஒண்ணு, பல்லு அடைச்சுக்கிட்டார். இன்னொண்ணு, தனக்குக் கல்லறைக்கு இடம் வாங்கிப் போட்டார். பொழைச்சா பல்லு வேணும், போனா இடம் வேணும்! ஆபரேஷனுக்கு முந்தின நாள் எந்த நோயாளியைப் பார்த்தாலும் இந்த ரெண்டும் அவங்க முகத்துல இருக்கும்.

கிரஹாம் அந்த நுரையீரலை முழுசா ஒரே ஆபரேஷன்ல எடுத்தார். புற்றுநோய்க்காக அப்படி எடுத்து நோயாளி பொழைச்சது உலகத்துலயே அதுதான் முதல் தடவை.

10/
கதை இங்க முடியல. கிரஹாம் கடுமையா சிகரெட் பிடிச்சவர். 1950ல எர்ன்ஸ்ட் விண்டர்ங்கிற இளைஞரோட சேர்ந்து 684 நோயாளிகளை ஆராய்ஞ்சு, புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினார். அப்புறம் சிகரெட்டை விட்டுட்டார். ஆனா தாமதம் ஆயிடுச்சு. 1957ல அவர் இறந்தது நுரையீரல் புற்றுநோயால.

அவர் காப்பாத்தின கில்மோர் 1963 வரைக்கும் உயிரோட இருந்தார். அதாவது சென்னையில 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஓடிட்டு இருந்தப்ப, டாக்டர் போயிட்டார், நோயாளி நடமாடிட்டு இருக்கார்.

ஸ்ரீதர் இதைப் பார்த்துதான் எழுதினார்னு நான் சொல்ல வரல. சினிமாத்தனம்னு நாம ஒதுக்குறது சில சமயம் வாழ்க்கையிலயும் இருக்குன்னு மட்டும் சொல்றேன்.

11/
'டாக்டர் மனசு உடைஞ்சு செத்தார், அப்படி ஆகுமா?'ன்னு கேட்பீங்க. கடுமையான மன அதிர்ச்சியில இதயத் தசை திடீர்னு பலவீனமாகிற ஒரு நிலை உண்டு. 1990 வாக்குல ஜப்பான் டாக்டர்கள் இதைக் கண்டு எழுதி, 'டகோட்சுபோ'ன்னு பேர் வச்சாங்க. ஆக்டோபஸ் பிடிக்கிற பானைன்னு அர்த்தம். எக்கோல பார்த்தா இதயம் அந்தப் பானை மாதிரி உப்பித் தெரியும். பெரும்பாலும் மாதவிடாய் நின்ன பெண்களுக்கு வரும். நிறைய பேர் நல்லா ஆயிடுவாங்க.

அதனால முரளிக்கு டகோட்சுபோன்னு நான் சர்டிஃபிகேட் தர மாட்டேன். தூங்காம, சாப்பிடாம, ஓய்வில்லாம உழைச்ச உடம்புன்னு மட்டும் எழுதுவேன்.

12/
இந்த இடத்துலதான் படத்தோட எனக்கு ஒரு சண்டை.

அந்த ஆஸ்பத்திரியில கதையைச் சுமக்கிறது ஒரே டாக்டர். முடிவெடுக்கிறது, ராத்திரி கண்விழிச்சுப் படிக்கிறது, கத்தி பிடிக்கிறது எல்லாம் அவர்தான். கதைக்கு அது வேணும். சின்ன செட், குறைஞ்ச ஆட்கள், எல்லாப் பாரமும் ஒருத்தர் மேல ஏறினாதான் காதலும் கடமையும் முட்டிக்கும்.

நிஜத்துல முன்னாள் காதலியோட கணவர் எனக்கு பேஷண்ட்டா வந்தா நான் பண்ண வேண்டிய முதல் வேலை சீனியர்கிட்ட போய், 'சார், இந்த கேஸை வேற யாராவது பாருங்க'ன்னு சொல்றதுதான். நெருங்கினவங்களுக்கு நாமே வைத்தியம் பார்க்கக் கூடாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. கை நடுங்கும். இல்லன்னா நடுங்கக் கூடாதுன்னு தேவையில்லாத தைரியம் வரும்.

ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து டாக்டர், அசிஸ்டன்ட், ஸ்டாஃப் நர்ஸ், ரத்த வங்கி, பாத்தாலஜின்னு ஒரு கூட்டமே இருந்தாதான் ஒருத்தர் பொழைப்பார். 'டாக்டர்னா தன்னை உருக்கிக்கணும், செத்தாலும் பரவாயில்ல'ங்கிற பிம்பம் இந்த மாதிரிப் படங்கள்ல இருந்துதான் நமக்குப் பழகிப் போச்சு. தொடர்ந்து முப்பது மணி நேரம் டூட்டி பார்த்தவன் கையால ஊசி போட்டுக்க உங்களுக்கு ஆசையா? எனக்கு இல்ல. செத்துப்போன டாக்டருக்குச் சிலை வைக்கிறதைவிட ரெண்டாவதா ஒரு டாக்டரைப் போடுறது நல்லது.

13/
ஆனா ஒரு விஷயத்துல இந்தப் படம் எங்க டெக்ஸ்ட் புக்கை ஜெயிச்சிடுச்சு.

தனக்கு என்ன நோய்னு வேணுவுக்குத் தெரியும். முரளி யாருங்கிறதும் தெரிய வருது. 'நான் போயிட்டா நீ அவரைக் கல்யாணம் பண்ணிக்கோ'ன்னு மனைவிகிட்ட சொல்றார். 1962ல! சீதா அதுக்குக் கோபப்படுறா, அழறா, மறுக்குறா. சுசீலா அம்மாவோட அந்தப் பாட்டு வர்றது இங்கதான்.

வேணு சொன்னது சரியா தப்பான்னு விவாதம் பண்ணலாம். மனைவிகிட்ட கேட்காம அவ எதிர்காலத்தை அவரே முடிவு பண்றார்ங்கிறதும் உண்மை. ஆனா ஒண்ணு கவனிங்க. சாவைப் பத்தி ரெண்டு பேரும் முகத்துக்கு நேரா பேசிக்கிறாங்க. நான் வேலை பாக்குற வார்டுகள்ல இதைப் பார்க்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

14/
ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கேஸ். அடையாளம் தெரியாம சொல்றேன். அறுபது தாண்டின ஒருத்தர், பீடிப் பழக்கம், நுரையீரல்ல கட்டி, பரவியாச்சு.

அவர் மனைவி என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டாங்க. 'தம்பி, அவருக்கு மட்டும் சொல்லிராதீங்க. சளிக் கட்டின்னு சொல்லி வச்சிருக்கோம். தெரிஞ்சா அன்னிக்கே உசுர விட்ருவாரு.'

அன்னைக்கு ராத்திரி ரவுண்ட்ஸ் போறப்ப அவர் என் கையைப் பிடிச்சார். 'சார், எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா.'

நாப்பது வருஷம் ஒண்ணா வாழ்ந்தவங்க. ஒரே கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்துறதா நினைச்சு ரெண்டு பேரும் தனித்தனியா அழுதுட்டு இருந்தாங்க.

15/
அடுத்த நாள் அவர்கிட்ட போய், 'வீட்டம்மா முன்னாடி பேசலாமா?'ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கூரையையே பார்த்துட்டு இருந்துட்டு, சரின்னார். அந்தம்மாவுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டேன். நான் அதிகம் பேசல. 'ஐயாவுக்கு அவர் நோய் என்னன்னு தெரியும்மா'ன்னு மட்டும் சொன்னேன்.

அந்தம்மா அவரைப் பார்த்தாங்க. 'எப்பத்துல இருந்து?'ன்னு கேட்டாங்க. 'நீ அழுக ஆரம்பிச்ச அன்னிக்கே'ன்னார் அவர்.

அப்புறம் அழுகை முடிஞ்சு பேச்சு வந்தது. பேங்க் பாஸ்புக் எங்க இருக்கு, யார்கிட்ட எவ்வளவு கடன், சின்ன மகளுக்கு என்ன செய்யணும், கடைசியில வீட்டுல இருக்கணுமா ஆஸ்பத்திரியிலயான்னு. அவர் வீடுதான்னு சொன்னார். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினோம். நாலு மாசம் கழிச்சு வீட்டுலயே, அந்தம்மா பக்கத்துல இருக்கிறப்பவே போயிட்டார்.

காதல் காட்சின்னு யாராவது சொன்னா எனக்கு அந்த ஸ்டூல்தான் ஞாபகம் வருது.

16/
அதனால குடும்பத்துல யாருக்காவது பெரிய நோய்னு தெரிஞ்சா, ஒரு டாக்டரா நான் கேட்டுக்கிறது இதுதான்.

நோயாளிக்கு எவ்வளவு தெரிஞ்சுக்க விருப்பம்னு அவர்கிட்டயே கேளுங்க. பெரும்பாலும் அவருக்குப் பாதி தெரிஞ்சிருக்கும்.

டாக்டர்கிட்ட கூச்சப்படாம கேளுங்க: என்ன நோய், எந்த நிலை, என்ன வைத்தியம், அதுல என்ன எதிர்பார்க்கலாம், பண்ணாட்டி என்ன ஆகும். 'எங்களைத் திட்டுவாங்களோ'ன்னு பயந்து கேட்காம வீட்டுக்குப் போய் அழாதீங்க. ஒரு தடவை சொன்னது புரியலன்னா ரெண்டாவது தடவை கேளுங்க. அது உங்க உரிமை.

1962 மாதிரி இப்ப இல்ல. அந்தப் படத்துக் குழந்தை மாதிரி வர்ற குழந்தைகள்ல பலரைக் காப்பாத்த முடியுது. குழந்தைகளுக்கு அதிகம் வர்ற ரத்தப் புற்றுநோயில, முழு சிகிச்சையும் எடுத்துக்கிற பெரும்பாலானவங்க பொழைக்கிறாங்க. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல புற்றுநோய் சிகிச்சையும் வருது. சீக்கிரம் வரணும், அவ்வளவுதான். மூணு வாரத்துக்கு மேல ஆறாத வாய்ப்புண், நிக்காத இருமல், மார்புல கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு இதுல எது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. பீடி, சிகரெட், புகையிலை இருந்தா இன்னைக்கே விடுங்க.

17/
கடைசியா ஒரு தகவல். ஆஸ்பத்திரிக் கட்டிலை வச்சு ஒரு காதல் படம் எடுத்த ஸ்ரீதர், கடைசி வருஷங்கள்ல பக்கவாதத்தால பாதிக்கப்பட்டு, தானே நோயாளியா படுக்கையில இருந்தார். 2008 அக்டோபர்ல காலமானார்.

படம் பார்க்காதவங்க ஒரு தடவை பாருங்க. ஏற்கெனவே பார்த்தவங்க இன்னொரு தடவை பாருங்க. முதல் தடவை எல்லாரும் டாக்டரைத்தான் பார்ப்போம். இந்தத் தடவை தேவிகாவைப் பாருங்க. டாக்டர் உள்ள வர்றப்ப, வெளிய போறப்ப, ஒண்ணும் சொல்லாம நிக்கிறப்ப அவங்க முகம் எப்படி மாறுதுன்னு பாருங்க. எங்க வார்டு வாசல்ல தினமும் நிக்கிற முகம் அது. அந்த முகத்துக்கு நின்னு ரெண்டு நிமிஷம் பதில் சொல்லிட்டுப் போகணும்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன்.

உங்க வீட்டுப் பெரியவங்க இந்தப் படத்தைத் தியேட்டர்ல பார்த்திருந்தா, அந்த அனுபவத்தைக் கேட்டுக் கீழ எழுதுங்க. படிக்க ஆசையா இருக்கு.